உஷார்! ‘வற்_8’ என்று பெயர், உள்ளே 12 சதவீதம்

2024 ஜனவரி 2. ஹெவ்லொக் றோட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் எங்கள் வீடு. மேசையில் காலைத் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. மறுமுனையில் மின்சாரப் பொருள் விற்கிற ஒரு கடைக்காரர். பெயர் வேண்டாம்.

“தம்பி, உங்கட புரோகிராம் ஆக்களுக்கு முன்னால என்னை மானங்கெடுத்திப்போட்டுது. உடனே வாங்கோ.”

நடந்தது இதுதான். முதல் நாள் ஒருவர் 10,000 ரூபாவுக்குப் பொருள் வாங்கியிருக்கிறார். வற் வரி 15 சதவீதத்திலிருந்து 18 ஆக ஏறிய நாள் அது. பில் 11,800 ரூபா. மறுநாள் பொருளைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவருக்குத் திருப்பிக் கொடுக்கும்படி கணினி காட்டிய தொகை 11,200. மிச்ச 600 ரூபா எங்கே என்று அவர் கேட்க, கடைக்காரர் கணினியைப் பார்க்க, கணினி அசையாமல் நின்றது.

ஜாவாவில் எழுதிய அந்தப் புரோகிராமின் கோட்டைத் திறந்தேன். குற்றவாளி ஒரு மாறிலி. பெயர் ‘வற்_8’. 2019 டிசம்பரில் அந்தப் பெயரை வைத்தவன் நானேதான். அன்று வரி 8 சதவீதமாகக் குறைந்திருந்தது. பெயரும் பெறுமதியும் பொருந்தின. 2022 ஜூன் 1இல் வரி 12 ஆனது. அவசரத்தில் பெறுமதியை மாற்றினேன், பெயரைத் தொடவில்லை. மூன்று மாதம் கழித்து, செப்டெம்பர் 1இல், 15. அப்போது வேலை பார்த்த தம்பி ‘வற்_8’ஐக் கண்டு, இது பழைய காலத்துச் சாமான் என்று நினைத்து விட்டுவிட்டார். ‘வற்_15’ என்று புதிதாக ஒன்றை எழுதி, பில் போடுகிற இடத்தில் பூட்டினார். 2024 பிறந்தபோது ‘வற்_15’க்குள் 18ஐப் போட்டோம். பணம் திருப்பிக் கொடுக்கிற பக்கம் மட்டும் ‘வற்_8’ஐ நம்பி 12இலேயே நின்றது.

பதினாறு மாதம் இப்படியே ஓடியிருக்கிறது. இடையில் எத்தனை பேர் நூறு நூறாக இழந்தார்களோ தெரியாது. வாய் திறந்து கேட்டவர் ஒருவர்தான். கொம்பைலர் ஒரு நாளும் மூச்சு விடவில்லை.

ஜாவா எழுதுகிற, படிக்கிற, படிப்பிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: உஷார்! சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிற பிழைக்குப் பயப்பட வேண்டாம். ‘சரி’ என்று கடந்துபோகிற பெயருக்குப் பயப்படுங்கள்.

திருப்பிக் கேட்காத ஓட்டோ

ஜாவாவுக்கு மாறியின் பெயர் ஒரு ஒட்டுச்சீட்டு. ‘சம்பளம்’ என்று எழுதி உள்ளே வயதைப் போட்டாலும், இரண்டும் முழு எண் என்றால் அதற்குத் திருப்தி.

எங்கள் பக்கத்துத் தெருவையே பாருங்கள். பெயர்ப்பலகையில் ஸ்ரீ சம்புத்தத்வ ஜயந்தி மாவத்தை. ஓட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் திரும்பிப் பார்த்து “ஹெவ்லொக் றோட் தானே?” என்பார். டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையை இன்னும் ஹை ஸ்ட்ரீட் என்றே சொல்கிற பழைய ஆட்கள் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள். பெயர் குழம்பினாலும் நாங்கள் போய்ச் சேர்ந்துவிடுகிறோம், இடையில் ஒரு மனிதர் திருப்பிக் கேட்பதால். புரோகிராம் கேட்காது. மீற்றரைப் போட்டுக்கொண்டு ஓடும்.

இதை ஜாவாவைப் பெற்றவர்களே அறிந்திருந்தார்கள். 1995இல் மொழியை வெளியிட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ், பெயர் வைப்பதற்கும் கோட் வரிகளை அமைப்பதற்கும் 1997இல் ஒரு கையேடு போட்டது. 1999 ஏப்ரலில் அதைத் திருத்தி வெளியிட்டது. ஒரு மென்பொருளின் ஆயுட்செலவில் 80 சதவீதம் பராமரிப்புக்கே போகிறது, எழுதியவரே கடைசிவரை அதைப் பராமரிப்பது அரிது என்று தொடக்கத்திலேயே காரணம் சொல்லிவிடுகிறது அது. அந்த இரண்டாவது காரணம் கொழும்பில் இன்று வீட்டுக்கு வீடு தெரிந்தது. 2022 நெருக்கடிக்குப் பிறகு எழுதினவர் மெல்பேணிலோ டொரொன்டோவிலோ இருக்கிறார். கோட் இங்கே கிடக்கிறது. ‘டெம்ப்2’ என்றால் என்ன என்று கேட்க வட்ஸ்அப்பில் ஆளைப் பிடிப்பதற்குள் அவருக்கு அங்கே நடுச்சாமம்.

விதிகள் சின்னவை. கிளாசின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும். மாறியும் மெதட்டும் சின்ன எழுத்தில் தொடங்கி, அடுத்தடுத்த சொற்களின் முதலெழுத்து ஒட்டகத் திமில் போல எழும்பும். மாறிலி முழுக்கப் பெரிய எழுத்து, சொற்களுக்கிடையே அடிக்கோடு. பெக்கேஜ் முழுக்கச் சின்ன எழுத்து. ஆனால் ‘வற்_8’ இந்த விதி அத்தனைக்கும் கட்டுப்பட்ட பெயர். வடிவம் சரி, சொன்னது பொய். ஆகவே இரண்டையும் பார்க்கவேண்டும்.

‘நம்பர்’ என்ற சொல்லிடம் ஏமாறாதீர்கள்

ஐசி நம்பர், ஃபோன் நம்பர், எக்கவுன்ட் நம்பர். வாயில் ‘நம்பர்’ வருகிறது, கை தானாக ‘இன்ட்’ என்று அடிக்கிறது. இங்கேதான் குழி.

2016 முதல் வரும் தேசிய அடையாள அட்டையில் 12 இலக்கம். ஜாவாவின் ‘இன்ட்’ தாங்கக்கூடிய உச்சம் 2,147,483,647; அது பத்து இலக்கந்தான். பழைய அட்டையிலோ ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற எழுத்து. எந்த எண் வகைக்குள்ளும் இரண்டும் ஒன்றாக அடங்கா. யாரும் இரண்டு ஐசியைக் கூட்டிக் கழிப்பதில்லை. அது எண் உடுப்புப் போட்ட சொல். ‘ஸ்ட்ரிங்’ ஆக வையுங்கள்.

அதற்குள் இன்னொரு பொறி. ஆண்டுக்குப் பின்னால் வருகிற மூன்று இலக்கம் பிறந்த நாளைக் குறிக்கும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பழைய கோட்களில் “டி 500ஐ விடப் பெரிதென்றால் 500ஐக் கழி” என்று ஒரு மொட்டை வரியைக் காண்பீர்கள். அந்த 500 யார், எங்கிருந்து வந்தது என்று ஒரு சொல்லும் இராது. இன்னும் மோசமானது, கழித்து வந்த எண்ணுக்கு ‘டே ஒஃப் இயர்’ என்று பெயர் வைப்பது. அட்டையின் கணக்கு எல்லா வருடத்தின் பெப்ரவரிக்கும் 29 நாள் கொடுக்கிறது. ஜாவா அப்படிக் கொடுக்காது. லீப் வருடமல்லாத ஒரு வருடத்தில் மார்ச் 1இல் பிறந்தவருக்கு அட்டையில் 61. அதை ஜாவாவின் ‘ஒஃப்இயர்டே’யிடம் அப்படியே கொடுத்தால் மார்ச் 2 என்று பிறந்தநாள் வரும். ‘ஐசி நாட்குறி’ என்று பெயர் வைத்திருந்தால், அடுத்து வருகிறவர் இதற்கும் கலண்டருக்கும் என்ன உறவு என்று ஒரு நிமிடம் நின்றிருப்பார்.

ஃபோன் இலக்கத்தின் கதை வேடிக்கையானது, ஆனால் சிரிக்கக்கூடாது. முன்னால் பூச்சியம் போட்ட எண்ணை ஜாவா எட்டின் அடியில் எண்ணும். கொழும்பின் 011ஐ எண்ணாக எழுதினால் ஜாவாவுக்கு அது 9. யாழ்ப்பாணத்தின் 021 அதற்கு 17. கண்டியின் 081ஐ எழுதினால் மட்டும், எட்டின் அடியில் 8 என்ற இலக்கமே இல்லாததால் கொம்பைலர் உடனே கத்தும். கண்டிக்காரர் தப்பினார், கொழும்பும் யாழ்ப்பாணமும் சத்தமில்லாமல் கெட்டன.

என் அப்பாவுக்கு வருகிற வாழ்த்து

‘லாஸ்ட்நேம்’ என்ற மாறியை எத்தனை தமிழர்கள் எழுதியிருப்போம்! எங்களில் எத்தனை பேருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? முன்னாலிருக்கிற முதலெழுத்து அப்பாவின் பெயர். படிவம் ‘லாஸ்ட்நேம்’ கேட்டால் அதைத்தான் நிரப்புகிறோம்.

பிறகு அந்தப் பெயரை நம்பி யாரோ கோட் எழுதுகிறார். ஒரு நிறுவனத்திலிருந்து எனக்கு மாதாமாதம் வருகிற மின்னஞ்சல் என் அப்பாவின் பெயருக்கு ‘அன்புள்ள திரு.’ போட்டுத் தொடங்குகிறது. அப்பா காலமாகி வருடங்கள் ஆகின்றன. இன்னொரு இடத்தில் ‘லாஸ்ட்நேம்’ ஒன்றாக இருந்தால் ஒரே குடும்பம் என்று கணக்கு. அந்தக் கணக்கில் நானும் என் பிள்ளைகளும் அந்நியர். நானும் கூடப்பிறந்த தம்பியும் மட்டும் ஒரே வீடு.

‘தகப்பன் பெயர்’ என்றால் அப்படியே பெயர் வையுங்கள். ‘முழுப்பெயர்’, ‘அழைக்கும் பெயர்’ என்று இரண்டு மாறி போதுமென்றால் இரண்டையே வையுங்கள். இரவல் சட்டை போல வேறொரு ஊரின் பெயரை எங்கள் ஆட்களுக்குப் போட்டால் தோளில் இடிக்கும்.

ஒரே ஒரு எழுத்து

டியூஷனில் ஜாவாவை வாயால் சொல்லிக்கொடுக்கும்போது பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் காதில் விழாது. தமிழில் அந்த வேறுபாடே இல்லாததால் எங்கள் கண்ணும் அதைத் தாண்டி ஓடும். இதோ மூன்று இடம்.

‘ஹாஷ்கோட்’ மெதட்டின் நடுவிலுள்ள ‘சி’ பெரிய எழுத்து. சின்ன எழுத்தில் எழுதினாலும் கொம்பைல் ஆகும். ஆனால் நீங்கள் எழுதியது வேறொரு மெதட்; ஜாவா பழையதையே கூப்பிடும். பட்டியலில் இருக்கிற வாடிக்கையாளரை ‘ஹாஷ்செட்’ இல்லை என்று சாதிக்கும். மேலே ‘@ஓவர்ரைட்’ என்று ஒரு வரி போட்டிருந்தால் கொம்பைலரே பிடித்துத் தரும்.

நீண்ட எண்ணின் பின்னால் போடுகிற சின்ன ‘எல்’, ஒன்று போலவே தெரியும். 10க்குப் பின்னால் அதைப் போட்டால் கண்ணுக்கு 101. எப்போதும் பெரிய ‘எல்’.

கொன்ஸ்ட்ரக்டரில் ‘நேம் = நேம்’ என்று எழுதினால் மாறி தன்னையே தனக்குப் போட்டுக்கொள்கிறது; பொருளின் பெயர் வெறுமையாக நிற்கும். இடப்பக்கம் ‘திஸ்’ வேண்டும்.

அடைப்புக்குறியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். 2014 பெப்ரவரியில் அப்பிள் அவசர அவசரமாக ஐஃபோனுக்குத் திருத்தம் விட்டது. காரணம், சி மொழியில் எழுதிய பாதுகாப்புக் கோட்டில் ஒரு வரி இரண்டு தடவை வந்திருந்தது. ‘இஃப்’புக்கு அடைப்புக்குறி இல்லாததால் இரண்டாவது வரி நிபந்தனைக்கு வெளியே விழுந்து, கையொப்பச் சோதனையின் மிச்சத்தைத் தாண்டவைத்தது. உள்தள்ளி எழுதியிருந்ததால் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்கு. ஜாவாவிலும் ‘இஃப்’ அதே குணந்தான். ஒரு வரியானாலும் அடைப்புக்குறி போடுங்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களே, இரட்டை உஷார்!

ஜாவாவில் மாறிக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம். யூனிகோட் எழுத்தை அது ஏற்கும். ‘தொகை’, ‘வரி’ என்று எழுதி ஓடவிடலாம். எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு பேய் அங்கே குடியிருக்கிறது.

முதற்பேய் தமிழ் எண். தமிழ் எண் ௧, க என்ற எழுத்தைப் போலவே இருக்கும். ௨, உ போல. ௭, எ போல. ௮, அ போல. பெயரின் நடுவில் எண் வருவது ஜாவாவுக்குச் சம்மதம். ஆகவே கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு மாறி ஒரே கோட்டில் இருக்க முடியும். இது வெறும் பயமுறுத்தல் என்று எண்ண வேண்டாம்: ஒன்றுபோலத் தெரிகிற எழுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத குறியாலும் கோட்டில் நஞ்சை ஒளிக்கலாம் என்று 2021இல் கேம்பிரிட்ஜின் நிக்கலஸ் பௌச்சரும் ரொஸ் அண்டர்சனும் ‘ட்ரோஜன் சோர்ஸ்’ என்ற பெயரில் காட்டினார்கள்.

இரண்டாவது பேய் இன்னும் பொல்லாதது. ‘கொ’ போன்ற ஒகர எழுத்தை யூனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறியை ஒன்றாக, அல்லது க-வோடு கொம்பு, பிறகு கால் என்று தனித்தனியாக. திரையில் மயிரிழை வித்தியாசமும் இராது. ஜாவாவுக்கு இரண்டும் வேறு வேறு. இப்போது எங்கள் ஊர்ப் பெயர்களை வாசியுங்கள்: கொழும்பு, கொட்டாஞ்சேனை, கொள்ளுப்பிட்டி, ஹெவ்லொக் டவுன். ஒவ்வொன்றிலும் அந்தப் பேய் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் தப்பின.

மாறிப் பெயரில் வந்தால் பரவாயில்லை, கொம்பைலர் ‘அப்படியொன்று இல்லை’ என்று சொல்லும். நீங்கள் தலையைப் பிய்ப்பீர்கள், அவ்வளவுதான். தரவில் வந்தால் சத்தம் வராது. ஒருவர் ஒரு விசைப்பலகையில் ‘கொட்டாஞ்சேனை’ என்று அடிக்கிறார், இன்னொருவர் வேறொன்றில். ‘ஈக்குவல்ஸ்’ இல்லை என்கிறது. டெலிவரிப் பட்டியலில் கொட்டாஞ்சேனை இரண்டாகப் பிரிகிறது. மருந்து இருக்கிறது: தமிழ்ச் சொல் உள்ளே வருகிற வாசலிலேயே ‘நோர்மலைசர்’ கிளாசால் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இன்றிரவே செய்யவேண்டியவை

1. கோட் முழுக்க ‘டெம்ப்’, ‘டேட்டா’, ‘ஃப்ளாக்’, ‘எக்ஸ்1’ என்று தேடுங்கள். பத்து வரிக்கு மேல் உயிரோடிருக்கிற ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். மூன்று வரி லூப்பில் ‘ஐ’ இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

2. பெறுமதியைப் பெயரில் வைத்த மாறிலிகளைப் பிடியுங்கள். ‘வற்_8’ வேண்டாம், ‘வற் வீதம்’ போதும். வற் வீதம் 2019 டிசம்பர் முதல் 2024 ஜனவரி வரை நான்கு தடவை மாறியிருக்கிறது.

3. அலகைப் பெயரில் சேருங்கள். ‘தொகை’ என்றால் ரூபாவா சதமா? ‘காத்திருப்பு’ என்றால் செக்கனா மில்லிசெக்கனா?

4. ஆம், இல்லை மாறிகளுக்கு எதிர்மறைப் பெயர் வேண்டாம். ‘செல்லாதது இல்லை’ என்பதை இரவு பதினொரு மணிக்கு யாராலும் வாசிக்க முடியாது.

5. பெயரைக் கையால் மாற்றாதீர்கள். இன்டெலிஜேயில் ஷிஃப்டும் எஃப்6உம். எக்லிப்ஸில் ஓல்ட், ஷிஃப்ட், ஆர். ஆனால் உஷார்: ‘கெட்’, ‘இஸ்’ என்று தொடங்கும் மெதட் பெயரிலிருந்துதான் ஜேக்சன் போன்ற நூலகங்கள் ஜேசனில் பெயர் எடுக்கின்றன. இங்கே ஒரு பெயரை மாற்றினால் அங்கே மொபைல் ஆப் படுத்துவிடலாம்.

6. வரியை உள்தள்ள நான்கு இடமா இரண்டு இடமா என்று சண்டை பிடிக்காதீர்கள். சன் கையேடு நான்கு என்கிறது, கூகுளின் ஜாவா கையேடு இரண்டு என்கிறது. ஒன்றைத் தெரிவுசெய்து, செக்ஸ்டைல் போன்ற கருவியிடம் காவலை ஒப்படையுங்கள். கருவி பார்ப்பது வடிவத்தை மட்டும்; பொய்யைப் பிடிக்க இன்னொரு மனிதர் வேண்டும்.

அந்த இன்னொரு மனிதர் எனக்குக் கிடைத்தது அதே ஜனவரியில். வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதி ஐஐடியில் படிக்கிற ஒரு தம்பி ஞாயிறுகளில் வீட்டுக்கு வருவார். ‘வற்_8’ஐ அவரையே மாற்றச் சொன்னேன். ‘பணம் திருப்பும்போது வற் வீதம்’ என்ற பொருளில் நீளமாக ஒரு பெயர் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

“அண்ணா, ஒண்டு கேக்கட்டா? டிசம்பரில வாங்கின சாமானை ஜனவரியில திருப்பிக் குடுத்தால் எந்த வீதம்? பதினைஞ்சா, பதினெட்டா?”

“பதினைஞ்சு. பில் போட்ட நாளின்ர வீதம்தான்.”

“அப்ப இது மாறிலியே இல்லையே, அண்ணா.”

அவர் சொன்னது சரி. அதற்குள் நான் 18 என்று திருத்தி வைத்திருந்தேன். டிசம்பர் பில்லோடு வருகிற ஒவ்வொருவருக்கும் கடை கூடக் கொடுத்திருக்கும். அந்த மாறிலியை அன்றே அழித்தோம். இப்போது ஒவ்வொரு பில்லோடும் அதன் வீதமும் சேமிக்கப்படுகிறது. ‘பில் போட்ட நாளின் வற் வீதம்’ என்று பெயர். தம்பி கேட்ட கேள்வியை நான் 2019இலேயே கேட்டிருக்கலாம். நான் வைத்த பெயர் கேட்கவிடவில்லை.